வேலிக்கு அப்பால் கமலம்மாள்

போன செவ்வாய்க்கிழமை காலை மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. நர்ஸ் கமலம்மாள் இறந்துவிட்டார். இண்டூர்ப் பக்கத்தில் கம்பவுண்டராக அவரோடு ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். சாவு வரும் என்று தெரியும். தெரிந்தும் கையிலிருந்த மருந்துப் புட்டியை எங்கே வைத்தேன் என்பது நினைவில்லை.

காசம் என்றால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெளியே தெரிந்தால் அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள். கமலம்மாள் உள்ளே போய் முதலில் ஜன்னலைத் திறப்பார். சாம்பல் போட்ட கொட்டாங்கச்சியை நோயாளி பக்கத்தில் வைத்து, "இதுலயே துப்புங்க. அப்பிடியே அடுப்புல போட்டுடுங்க" என்பார்.

மாதம்மாளை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இரத்தமாக இருமிக்கொண்டே கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தவள். குழந்தையைத் தங்கை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார் கமலம்மாள்.

"பெத்தவகிட்ட இருந்து புள்ளயப் பிரிக்கிறயே, நீயும் ஒரு பொம்பளயா?" என்றாள் மாமியார்.

"அழுவட்டுங்க ஆத்தா. உசுரோட அழுவட்டும்."

மாதம்மாள் பிழைக்கவில்லை. அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

பிறகு அவருக்கே இருமல் கண்டது. கணவர் முன்பே இறந்துவிட்டார். எட்டு வயது மகள் பாக்கியத்தை அண்ணன் வீட்டில் விட்டு, அந்த வீட்டுக்குப் பின்னால் கீற்றுக்கொட்டகை போட்டுத் தனியாக இருந்தார். மகள் வேலி வரைதான் வரலாம். நான் மீனெண்ணெய் கொண்டுபோயிருந்த ஒரு நாள், பாக்கியம் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். கமலம்மாள் கல்லைக் கையில் எடுத்துவிட்டார். எறியவில்லை. "போடி அங்க" என்றார். பிள்ளை போனதும், "அவ மொகம் அப்பிடிச் சுருங்குறத இன்னொரு தரம் பாக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்லீங்க" என்றார்.

"பாயும் தலவாணியும் கொளுத்திடுங்க" என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தார். அடக்கம் முடிந்து கொட்டகைக்குப் போனேன். பயத்தில் எல்லாவற்றையும் வாரித் தீயில் போட்டேன்.

பாக்கியம் வந்து, "மாமா, ஒரு சேல மட்டும் குடுங்க" என்றாள்.

"கூடாது கண்ணு" என்று அதையும் போட்டேன். அவள் அழவில்லை. எரிந்து முடியும்வரை நின்றாள்.

மறுநாள்தான் புத்தி வந்தது. சேலையை வேகவைத்து வெயிலில் காயப்போட்டுக் கொடுத்திருக்கலாம். ஊர் ஊராக அதைத்தானே சொல்லிவந்தோம். கமலம்மாளாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பார். பயம் அவரை ஒரு நாளும் இப்படி ஆட்டவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை, அவர் போய்வந்த வீடுகள். இனி அங்கே நான் போக வேண்டும். அதற்குமுன் பாக்கியத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும்.