சீலா மீனுக்குப் போன ஐஸ்

தூத்துக்குடி கடற்கரைத் தெருக்களில் ஈவாஞ்சலின் என்று பேர் சொல்லிக் கேட்டால் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 'ஊசி வலிக்காத அக்கா' என்று கேட்டுப் பாருங்கள், வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். இருபது வருஷம், ஒரே லேப். திரேஸ்புரத்தில் பாதிச் சனத்தின் ரத்தம் அவள் கை வழியாகப் போயிருக்கிறது. அப்படிப்பட்டவள் இன்று வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறாள். கவனம் இல்லாதவள் என்ற பேர் வேறு. இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் ஆத்திரத்தில் பாதியை விழுங்கிவிடக் கூடாது, முதலில் இருந்தே சொல்கிறேன்.

அவள் அப்பா மரியான் சரக்குத் தோணியில் கொழும்புக்குப் போய்வந்து பிழைத்தவர். அவர் கண்ணை மூடியபோது ஈவாஞ்சலினுக்குப் பத்தொன்பது வயது, தங்கை ரீனாவுக்குப் பதினொன்று. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தாயிற்று. நாகர்கோவிலில் லேப் படிப்பை எப்படியோ முடித்துவிட்டு வந்தவளுக்கு வேலை கொடுத்தவர் மகாராஜன் அண்ணாச்சி. பக்கத்தில் ஏரல் ஊர்க்காரர். அப்போது அவருடைய லேப் என்பது ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. ஒரு மைக்ராஸ்கோப், ஒரு பழைய ஃப்ரிட்ஜ், ஈவாஞ்சலின், அவ்வளவுதான். இன்று மூன்று மாடி, இருபது பேர் வேலை பார்க்கிறார்கள். ரீனா கல்யாணத்தில் பெண் வீட்டுப் பெரியவராக முன்னால் நின்றவர் அண்ணாச்சிதான். ஊரில் கடை வைத்திருக்கிற எல்லோரும் அண்ணாச்சிதான் என்றாலும், இவள் அவரைக் கூப்பிட்டது மனசாரக் கூப்பிட்டது. அவரும் அவளைத் 'தங்கச்சி' என்றுதான் சொல்வார். தங்கையைக் கரையேற்றிய அலைச்சலில் இவள் கல்யாணம் தள்ளிப் போய்த் தள்ளிப் போய், கடைசியில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இருந்ததாக யாரும் கண்டதில்லை. லேப் இருந்தது, ரீனா இருந்தாள், போதுமென்று இருந்துவிட்டாள்.

வேலையில் மட்டும் அவள் பொல்லாதவள். முக்கியமாக ஐஸ் விஷயத்தில்.

நரம்பை விட்டு வெளியே வந்ததும் ரத்தம் செத்துப்போகிறது என்று நாம் நினைக்கிறோம். அதெல்லாம் சாகாது. அதில் என்சைம்கள் இருக்கின்றன. எச்சிலில், கண்ணீரில், தாய்ப்பாலில், உடம்பில் ஊறுகிற எல்லா நீரிலும் அவை உண்டு. சில ஹார்மோன்கள் அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சங்கிலிகள். பெப்டைடு என்று சொல்வது அதைத்தான். சேதியைச் சொல்லி முடித்த சங்கிலியை வெட்டித் துண்டாக்குவது இந்த என்சைம்களின் வேலை. வெட்டாமல் விட்டால் ஒரே உத்தரவு உடம்புக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும், மனுஷன் தாங்க மாட்டான். நல்ல வேலைதான், யார் இல்லை என்றது? ஆனால் ரத்தத்தைக் குழாயில் பிடித்து மேசைமேல் வைத்த பிறகும் அவை வெட்டிக்கொண்டே இருக்கும். அளக்க வேண்டிய ஹார்மோன் மிஷினுக்குப் போவதற்குள் கரைந்து காணாமல் போகும். மிஷின் இருப்பதைத்தான் சொல்லும். இல்லாதது எங்கே போயிற்று என்று அதைக் கேட்க முடியாது. குளிர் ஒன்றுக்குத்தான் என்சைம் அடங்கும். இதைப் புதிதாக வரும் டெக்னீஷியன் பெண்களிடம் சொல்லிச் சொல்லி அவள் தொண்டை காய்ந்தது.

போன வருஷம் ரீனாவுக்கு முகம் உருண்டுகொண்டு வந்தது. நல்லா இருக்கிறாள், புருஷன் கப்பலில் சம்பாதிக்கிறான் என்று அக்கம்பக்கம் கேலி பேசியது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்தது. வயிற்றில் ஊதா நிறத்தில் வரி வரியாக விழுந்தது. லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போனது. பிரஷர், சர்க்கரை இரண்டும் ஏறின. முப்பத்து மூன்று வயதில் மாடிப்படி ஏற முடியவில்லை. மதுரையில் ஹார்மோன் டாக்டரம்மா ஒருவர் பார்த்துவிட்டு, கார்ட்டிசால் எக்கச்சக்கமாக இருக்கிறது என்றார். கார்ட்டிசாலைச் சுரப்பது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி. சுரக்கச் சொல்லி உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன்தான் அந்த உத்தரவு. அது ரத்தத்தில் கூடுதலாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் தலைக்குள். குறைந்து கிடந்தால் அட்ரினல் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது என்று அர்த்தம். எதை அறுக்க வேண்டும் என்பதே இந்த ஒரு ரிசல்ட்டில் இருந்தது.

ஏ.சி.டி.எச். பெப்டைடு. சூட்டில் நிற்காது.

தங்கையின் ரத்தத்தை ஈவாஞ்சலின் தானே எடுத்தாள். காலை எட்டு மணி, குளிரவைத்த ஊதா மூடிக் குழாய், ஐஸ் தண்ணீருக்குள்ளேயே வைத்து எடுத்துப் போய்ச் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து, ஃப்ரீசரில் கல்லாக உறையவைத்து, ரீனா பேரை எழுதி ஒட்டினாள். இந்த டெஸ்ட் மதுரையில் ஒரு பெரிய லேப்பில்தான் செய்கிறார்கள். மறுநாள் காலை பஸ்ஸில் சாம்பிள் பெட்டியைக் கொண்டுபோகிறவன் நேசக்குமார். அவள் போகும் கோயில் பங்கைச் சேர்ந்த பையன், கல்யாணமாகிப் பிள்ளைகள் உண்டு. பெட்டியில் ஐஸ் பைகளையும் அவளே அடுக்கிவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

ரிசல்ட் வந்தது. ஏ.சி.டி.எச். இருக்கிற இடம் தெரியாத அளவுக்குக் குறைவு. ஸ்கேனில் இடது அட்ரினலில் ஒரு சின்னக் கட்டியும் தெரிந்தது. டாக்டரம்மா கெட்டிக்காரர், போன் போட்டுக் கேட்டார்: சாம்பிள் ஐஸிலேயே போனதா, இன்னொரு தரம் எடுத்துப் பார்ப்போமா? ஈவாஞ்சலின் சொன்னாள், "நானே எடுத்து, நானே அடுக்கினது டாக்டர். எங்க லேப்ல தப்பு நடக்காது." இருபது வருஷ நம்பிக்கை பேசிற்று. டாக்டரம்மாவும் அதை நம்பினார். இடது அட்ரினலை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. ரீனாவின் புருஷன் ரெக்சன் வேலை பார்க்கும் கப்பல் கம்பெனி இன்சூரன்ஸும் அந்த ரிசல்ட்டைப் பார்த்து அனுமதி கொடுத்தது. திங்கட்கிழமை ஆப்பரேஷன். ரீனா வெள்ளிக்கிழமையே மதுரை ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள்.

அன்று சாயங்காலம் நேசக்குமார் ஈவாஞ்சலின் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ரீனாவுக்கு ஆப்பரேஷனாமே என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.

சாம்பிள் மதுரைக்குப் போன வாரம்தான் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போய் வந்தன. இரண்டு மாதம் கழித்து வரும் முதல் மீனை வேண்டியவர்களுக்குக் கொடுத்தனுப்புவது இங்கே வழக்கம். பெரிய வியாபாரிகள் ஆபீசர் வீடுகளுக்கு அனுப்புவார்கள். மகாராஜன் அண்ணாச்சி வருஷா வருஷம் மதுரை லேப்பில் சாம்பிள் வாங்கிவைக்கும் மேனேஜருக்கு அனுப்புவார். அந்தத் தடவை எட்டுக் கிலோவில் ஒரு சீலா. மீனுக்கென்று தனிப் பெட்டி கிடையாது.

"அண்ணாச்சிதான்க்கா சாம்பிள் பெட்டிய தொறந்தாவ. மீன அதுல வச்சு ஐஸையும் அதுக்கே போட்டாவ. குழாயெல்லாம் ஒரு துணிப்பையில போட்டு எங்கிட்ட தந்தாவ. மூணு மணி நேரந்தானல, ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னாவ. பஸ்ல எனக்கு எஞ்சின் பக்கத்துலதான் எடம் கெடச்சுது."

உருகிய சாம்பிளைப் பார்த்தால் அந்த மதுரை மேனேஜர் வேண்டாமென்று திருப்பியிருக்க வேண்டும். எப்படித் திருப்புவான்? கையில் சீலா வந்திருக்கிறதே. உறைந்த நிலையில் வந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டான். பஸ்ஸில் வந்த சூட்டில் என்சைம்கள் ஏ.சி.டி.எச்.சை வெட்டித் தீர்த்துவிட்டன. கார்ட்டிசால் பெப்டைடு இல்லை, அதை அவை சீண்டுவதில்லை; அது அப்படியே நின்றது. ஒன்று கூட, ஒன்று குறைய, பார்க்கிற டாக்டருக்குச் சந்தேகமே வராதபடி ஒரு ரிசல்ட்.

ஈவாஞ்சலின் உடனே மதுரைக்குப் போன் போட்டாள். டாக்டரம்மா பதறினாலும் நியாயத்தைச் சொன்னார். புதிதாக எடுத்தால் ரிசல்ட் வர மூன்று நாளாகும். வாய்ச்சொல்லை வைத்து இன்சூரன்ஸ்காரர்களிடம் ஆப்பரேஷனை நிறுத்த முடியாது; நிறுத்தினால் பிறகு எந்த ஆப்பரேஷனுக்கும் பணம் தர மாட்டார்கள். அந்த ரிசல்ட்டைத் திரும்பப் பெறுகிறோம் என்று லேப் எழுத்தில் கொடுக்கட்டும், சனிக்கிழமைக்குள் வந்தால் நிறுத்திவிடலாம். வராவிட்டால், ஒரு குற்றமும் செய்யாத சுரப்பி திங்கட்கிழமை ரீனா உடம்பை விட்டுப் போய்விடும், வியாதி அப்படியே இருக்கும்.

சனிக்கிழமை விடிந்ததும் அண்ணாச்சி வீட்டில் போய் நின்றாள். அவர் மறுக்கவில்லை. அதுதான் அவளை உடைத்தது.

"குழாயில ரீனா பேரு எழுதி ஒட்டியிருந்தேனே அண்ணாச்சி. பாக்கலையா?"

"பாத்தேன் தங்கச்சி," என்றார். "எல்லா வருசமும் இப்படித்தான் நடக்கு. என்ன ஆயிருச்சுன்னு நெனச்சேன்."

எல்லா வருஷமும்! இருபது வருஷமாக அவள் அடுக்கிய ஐஸ், அவள் முதுகுக்குப் பின்னால் எத்தனை தடவை யாருடைய குழாயை விட்டு மீனுக்குப் போயிற்றோ. இந்த மனுஷனையா அண்ணன் என்று நம்பினோம் என்று நினைத்தாள். லெட்டர் வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அவரும் உள்ளே போய் லேப் பேர் போட்ட தாளில் அடித்து, சீல் வைத்துக் கொண்டுவந்தார். அவள் நின்றபடியே படித்தாள். டெக்னீஷியன் ஈவாஞ்சலின் கவனக்குறைவால் சாம்பிள் குளிரில் வைக்கப்படவில்லை, ஆகவே ரிசல்ட்டைத் திரும்பப் பெறுகிறோம், அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார் என்று இருந்தது.

"யாரோ ஒருத்தர் தப்புன்னு எழுதித்தானே ஆவணும்," என்றார் அண்ணாச்சி. "எம்பேர எழுதினா லேப்ப மூடிருவான். இருபது குடும்பம் நிக்கும். உனக்கு என்ன, தனிக்கட்டதானே. ரீனாட்டயும் நான் பேசிட்டேன்."

தனிக்கட்டை. எந்த வாயால் தங்கச்சி என்றாரோ அதே வாயால் இதையும் சொன்னார். வேறு ஒருத்தியாக இருந்தால் அந்தத் தாளைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்திருப்பாள், நானாக இருந்தால் அதற்கு மேலும் செய்திருப்பேன். ஆனால் கிழித்தால் ரீனாவின் சுரப்பி போய்விடும். ஈவாஞ்சலின் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

மதுரையில் ரீனாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் டாக்டரம்மா லெட்டரைப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார். நேற்று போனில் வேறு மாதிரி சொன்னீர்களே என்று கேட்டார். உங்களுக்குள் தகராறு என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் விசாரணை, அது இது என்று இழுப்பார்கள். பழைய ரிசல்ட்டே நிற்கும். "இதுல எழுதியிருக்கிறது உண்மைதானா?"

ரீனா தலையணையில் இருந்து அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா டாக்டர்," என்றாள் ஈவாஞ்சலின்.

ஆப்பரேஷன் நின்றது. புதிதாக எடுத்த ரத்தத்தில் மூன்று நாள் கழித்து ஏ.சி.டி.எச். தொண்ணூற்றுச் சொச்சம் என்று கூடுதலாகவே வந்தது. கோளாறு தலைக்குள்தான், அட்ரினல் தப்பியது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதி இருப்பது அந்த ரத்தம் எடுத்த கதைதான்.

டாக்டரம்மா போனதும் ஈவாஞ்சலின் கட்டிலில் உட்கார்ந்து தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சீலா, துணிப்பை, எஞ்சின் பக்கத்து சீட், ஒன்று விடாமல். ரீனா கேட்டு முடித்தாள். அண்ணாச்சி காலையில் போனில் அழுததாகச் சொன்னாள். உன் அக்காவைக் காட்டிக்கொடுக்க வேண்டியதாகிவிட்டதே என்று அழுதாராம்.

"எனக்கு முன்னாலதானே இப்ப ஆமான்னு சொன்ன? இப்ப அந்த மனுசர் மேல போடுத. நம்ம வீட்டுக் கல்யாணத்துல நின்னவரு அக்கா."

ஆமாம் என்று ஏன் சொன்னேன் தெரியுமா என்று ஈவாஞ்சலின் ஆரம்பித்தாள். ரீனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு நர்ஸ் பெண் ஐஸ் நிரப்பிய கிண்ணத்தோடு வந்தாள். வியாதியில் ரீனாவின் தோல் காகிதமாகப் போயிருந்தது, நரம்பு கிடைப்பது கஷ்டம். முதல் குத்து தவறியது. இரண்டாவதும் தவறி, கை ஊதிக் கன்றியது. ரீனா பல்லைக் கடித்தாள். ஈவாஞ்சலினால் பொறுக்க முடியவில்லை. இடது மணிக்கட்டுக்கு மேலே ஒரு நரம்பு ஓடுவது அவளுக்குத் தெரியும். முன்னால் வந்து, நான் எடுக்கட்டுமா என்று கை நீட்டினாள்.

ரீனா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீ எடுக்காண்டாம். இன்னொரு தடவையும் கெட்டுப்போச்சுன்னா எனக்கு உசுரு இல்ல."

நர்ஸ் பெண்ணுக்குச் சங்கடமாகிவிட்டது. ஈவாஞ்சலின் அவளிடம், மணிக்கட்டுக்கு மேலே பாரும்மா என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் போய் நின்றாள். அந்தப் பெண் மூன்றாவது தடவை அங்கேதான் குத்தினாள். ரத்தம் வந்தது. குழாயை ஐஸில் அமுக்கினாள். ரீனா கண்ணை இறுக்க மூடியபடியே கேட்டாள்:

"அவ வெளிய போயிட்டாளா சிஸ்டர்?"