சென்ஸி மாட்டிய பலகை

பவேரியாவில் எங்கள் மலை மடாலயத்துக்கு வரும் பயணிகள் தங்கப் பீடத்துக்கு ஒதுக்குவது ஐந்து நிமிடம். பக்கத்துப் பீர்த் தோட்டத்துக்கு மூன்று மணி நேரம். மாதா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பீர் காய்ச்சுவதும் அவளுடைய துறவிகள்தானே. அங்கே நான் கோப்பை கழுவுகிறவன். கோப்பை சுமக்கிறவள் சென்ஸி. லிட்டர் கோப்பை பத்தை ஒரே நடையில் தூக்கிவருவாள். அந்தக் கையால் புருஷன் க்வீரினுக்கு ஒன்று விட்டிருக்கலாம். விடவில்லை. வாங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு ஈஸ்டருக்கு, வீங்கிய கன்னத்தோடு மாதா முன்னால் நின்று நேர்ந்துகொண்டாள்: "இந்த ஆள்கிட்டேருந்து என்னை விடுவிச்சுடு தாயே, நன்றிக்குப் பலகை மாட்டறேன்."

ஏழே வாரத்தில் க்வீரின், யாத்திரைக்கு வந்த ஒரு விதவையோடு அவள் வந்த பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டான். எங்கள் மாதா கேட்டதைத் தருவாள். எப்படித் தருவாள் என்று மட்டும் கேட்கக்கூடாது.

சென்ஸி தன் கையாலேயே பலகையில் படம் வரைந்தாள். பஸ், ஒரு குண்டு மனிதன், பஸ்ஸைவிடப் பெரிய பெட்டி, மேகத்தில் மாதா. அடியில் 'மாதா உதவினாள்' என்று எழுதி, நேர்ச்சைப் பலகைகள் தொங்கும் நடைக்குக் கொண்டுபோனாள். அந்த நடையைக் கவனிக்கும் துறவி வெண்டலின் பிரதர் கையைக் கட்டிக்கொண்டார்.

"இதெல்லாம் மாட்ட முடியாது சென்ஸி. மாதா குடும்பத்தைச் சேத்து வைக்கிறவ, பிரிக்கிறவ இல்ல."

"அங்க பாருங்க பிரதர். பசு பொழச்சதுக்கு ஒரு பலகை. வயித்துப்போக்கு நின்னதுக்கு ஒண்ணு. நாய் கடிக்காம விட்டதுக்கு ஒண்ணு. என் புருஷன் நாயைவிட ஒசத்தியா?"

"முடியாதுன்னா முடியாது."

சென்ஸியின் முகம் வெளுத்துவிட்டது. நேர்ந்ததைச் செலுத்தாவிட்டால் கிடைத்தது திரும்பிப் போகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அவள் விஷயத்தில் அது திரும்பிப் போகாது, வீட்டுக்கே திரும்பி வரும்.

மறுநாள் மதியம் சென்ஸி கொண்டுவந்து வைத்த பிரதரின் கோப்பையில் முக்கால்வாசி நுரை. அதற்கு மறுநாளும் நுரை. பவேரியாக்காரனை நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்த முடியாது, நுரையைக் காட்டினால் போதும். பதினோராம் நாள் பலகை ஒரு தூணுக்குப் பின்னால், தீயணைப்பு உருளைக்கு மேலே ஏறியது. அதன் பிறகுதான் சென்ஸி கதவைத் தாழிடாமல் தூங்கினாள்.

ஒளித்த இடத்தையும் பெண்கள் கண்டுபிடித்தார்கள். எங்கெங்கிருந்தோ பஸ்ஸில் வந்தவர்கள் பெட்டியோடு ஓடும் அந்தக் குண்டனைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பீடத்தைவிட அங்கேதான் புகை அதிகம்.

ஏழு வருடம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம், தோட்டம் நிரம்பி வழிந்த நேரத்தில் க்வீரின் பெட்டியோடு வந்து நின்றான்.

"என்ன சென்ஸி, வந்துட்டேன்ல? சாப்பாட்ட எடுத்து வை."

கோப்பைகளை மேசையில் வைத்தாள். முதல் தடவையாக அவள் கையிலிருந்து பீர் சிந்தியது. அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து நடைக்கு இழுத்துப் போனாள். பாதித் தோட்டம் பின்னாலேயே போனது. கழுவின கோப்பையோடு நானும் போனேன்.

அவன் பலகையைப் பார்த்தான். "யாருடி இந்தக் குண்டன்?"

"நீதான். கீழ என்ன எழுதியிருக்கு, படி."

அவன் வாய்க்குள் படித்தான்.

"இனி உன்னச் சேத்துக்கிட்டா மாதாவப் பொய்க்காரி ஆக்கினதாயிடும். என்னால முடியாதுய்யா."

க்வீரின், அங்கே மெழுகு சுரண்டிக்கொண்டிருந்த வெண்டலின் பிரதரிடம் திரும்பினான். "பிரதர், நீங்களே சொல்லுங்க. குடும்பத்தைச் சேத்து வைக்கிறவதானே மாதா?"

பிரதர் பலகையைப் பார்த்தார். எரிகிற திரிகளைப் பார்த்தார். சென்ஸியின் கைகளையும் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கு," என்றார். "பெட்டியை மறக்காம எடுத்துக்கோ."

பஸ் போனதும் சென்ஸி தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். வாடிக்கையாளர் இடத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பிரதர் தானே குழாயடிக்குப் போய் ஒரு கோப்பை பிடித்துக்கொண்டு வந்தார். பாவம், ஊற்றத் தெரியாது. முக்கால்வாசி நுரை.

கோப்பையைப் பார்த்ததும் சென்ஸிக்கு அழுகையிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னும் மனசுல வெச்சிருக்கீங்களா பிரதர்?" என்று கேட்டு, நுரையோடு அத்தனையையும் குடித்தாள்.