நாலு பேனாவும் ஒரு நல்ல வெல்டும்

1. பூட்டு

அன்று வியாழக்கிழமை. காலை எட்டே முக்காலுக்கு நான் போனபோது வெல்டிங் டிரெய்னிங் சென்டர் ஷட்டரில் புதுப் பூட்டு தொங்கியது. பிள்ளைகள் பதினெட்டு பேரும் வெளியே நின்றிருந்தார்கள். பிள்ளைகள் என்பது என் வாய்ப் பழக்கம். அதில் பாதிப் பேர் கல்யாணம் ஆனவர்கள். எனக்கு வேலை கொடுத்த, அவர்களிடம் பீஸ் வாங்கிய தனசேகரின் போன் ஸ்விட்ச் ஆஃப். கட்டட ஓனர் வந்து, எட்டு மாசமாக வாடகை வரவில்லை, உள்ளே இருக்கும் இரண்டு மெஷினும் இனி தனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னா மாஸ்டர், உங்களுக்கும் தெரியாதா?" என்று ஒருத்தன் கேட்டான். தெரியாது என்றேன். பூட்டு விஷயம் நிஜமாகவே தெரியாது. மற்றதெல்லாம் தெரியும்.

நான் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு ஸ்டீல் ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். வெல்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஜாயின்டை வெல்டு பண்ணியவன், தன் நம்பர் பொறித்த பஞ்ச் என்ற இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் அதன் பக்கத்தில் அடிக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து அந்த ஜாயின்ட் விட்டாலும், போட்டவன் யார் என்று இரும்பே சொல்லிவிடும். என் நம்பர் பதினேழு. இன்னொருத்தன் போட்ட ஜாயின்டில் நான் ஒரு நாளும் பதினேழை அடித்ததில்லை. எவ்வளவோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள், சூப்பர்வைசரே மிரட்டியிருக்கிறார். அடித்ததில்லை. அந்தப் பெருமையை ரிட்டயர் ஆன பிறகு எங்கே கொண்டுபோய்த் தொலைத்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2. நாலு பேனா

தனசேகர் என்னை இன்ஸ்ட்ரக்டராகச் சேர்த்தபோது, வாசலில் பெரிய போர்டு இருந்தது. 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று சிவப்பில் எழுதி, மேலே மூணு சிங்க முத்திரை. அந்த அங்கீகாரம் வந்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு எட்டு வெல்டிங் மெஷின் காட்ட வேண்டும். எங்களிடம் இருந்தது இரண்டு. காக்களூரில் ஒரு வாடகைக் கடையிலிருந்து ஆறு மெஷினை மினி லாரியில் கொண்டுவந்து வரிசையாக வைத்தோம். அதற்குக் கேபிள்கூட இழுக்கவில்லை. வந்த அதிகாரி விரல் விட்டு எட்டு எண்ணினார், பிரியாணி சாப்பிட்டார், கையெழுத்துப் போட்டார். நாலு மணிக்கு லாரி திரும்பி வந்து ஆறையும் ஏற்றிக்கொண்டு போனது. புது ஓவரால் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான்தான்.

கோர்ஸ் தொடங்கி ஐந்தாவது வாரம், உருக்கி ஒட்டுகிற வெல்டிங் ராடு வருவது நின்றது. ராடு இல்லாமல் வெல்டிங் கற்றுக்கொடுப்பது, தண்ணீர் இல்லாத கிணற்றில் நீச்சல் கற்றுக்கொடுப்பதுதான். தியரி என்று போர்டில் படம் போட்டேன். அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கோர்ஸ் முடியப் போகிற சமயம் தனசேகர் என்னைக் கூப்பிட்டு, பதினெட்டு லாக் புக்கை மேஜையில் அடுக்கினான். தினம் இத்தனை மணி நேரம் பிராக்டிஸ் என்று எழுதி, பக்கத்துக்குப் பக்கம் இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்துப் போட வேண்டிய புத்தகம் அது. எல்லாம் காலி.

"மாஸ்டர், இது காலியா இருந்தா பசங்களுக்கு சர்டிபிகேட் வராது. பாவம், அவங்க பொழப்பு கெட்டுடும். நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்" என்றான். பாக்கெட்டிலிருந்து நாலு பேனா எடுத்து வைத்தான். "ஒரே பேனால போடாதீங்க. பாத்தா தெரிஞ்சிடும்."

பிள்ளைகளுக்காகத்தானே என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மூன்று மாசச் சம்பளம் பாக்கி இருந்ததும் ஒரு காரணம், அதை மறைப்பானேன். உட்கார்ந்து போட்டேன். அவன் சொன்னது பேனாவை மட்டும்தான். மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு. ஞாயிற்றுக்கிழமைகளை விட்டேன். பொங்கலுக்கு மூன்று நாள் விட்டேன். அவசரத்தில் போட்ட மாதிரி சில கையெழுத்தைச் சாய்த்தேன். நாலைந்து பக்கத்தில் கிரீஸ் விரலால் தொட்டும் வைத்தேன். வேலை என்று வந்துவிட்டால் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை, திருட்டு வேலை உட்பட. பிறகு தனசேகர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பயிற்சி பெறுபவர் என்ற இடத்தில் அவர்களையும் கையெழுத்துப் போட வைத்தான். சர்டிபிகேட் என்றதும் எல்லோரும் போட்டார்கள்.

கஸ்தூரியும் போட்டாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயசு. மீஞ்சூர்க்காரி. ஒரு கம்பெனி கேன்டீனில் காண்டிராக்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள். அது நின்றதும், மகளிர் குழுவில் முப்பத்தெட்டாயிரம் லோன் வாங்கி, மொத்தத்தையும் பீஸாகக் கட்டினாள். "வெல்டருக்கு டப்பு நெறைய குடுக்குறான் மாஸ்டர். எத்தினி நாளு எச்சித் தட்டு கழுவறது?" என்றாள்.

ராடு நின்ற பிறகு மனசு கேட்காமல், என் பழைய கம்பெனியில் வெல்டர்கள் பாதியில் தூக்கிப் போட்ட ராடுகளை ஒரு சாக்கில் கேட்டு வாங்கி வந்தேன். ஒரே மெஷின்தான் ஓடியது. காலை ஏழு மணிக்கே டிரெயினில் வந்து, அந்தத் துண்டு ராடுகளை வைத்துப் பழகியவள் அவள் ஒருத்தி மட்டும்தான். விரல் நீளத் துண்டைக்கூட வீணாக்க மாட்டாள். அவளுக்கு மட்டும் நான் உண்மையாக வாத்தியாராக இருந்தேன்.

3. பாய் கடையில்

பூட்டுக்குப் பிறகு பிள்ளைகள் சேர்ந்து மனு எழுதினார்கள். அங்கீகாரம் கொடுத்தது அரசாங்கம், ஆகவே கட்டிய பீஸை அரசாங்கம் இழப்பீடாகத் தர வேண்டும் என்று. ஆதரவுக்கு ஊரில் கடைக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கினார்கள். மீஞ்சூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் காசிம் பாய் எனக்கு இருபது வருஷப் பழக்கம். கஸ்தூரியை அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். படித்து முடித்து மடித்துக் கொடுத்தார்.

"தாஸு, தப்பா நெனச்சிக்காத. மாசா மாசம் நான் ஜிஎஸ்டி கட்றேன். ஒரு நாள் லேட்டானா ஃபைன் போடறான். வெள்ளத்துல என் கடைல சிமென்ட் மூட்டை பூராவும் கல்லாப் போச்சு. எவனாவது வந்து குடுத்தானா? எவனோ தனசேகரு ஏமாத்திட்டுப் போவான், அதுக்கு நான் இன்னாத்துக்குக் கட்டணும்?"

அதில் தப்பே இல்லை. எனக்கும் முப்பத்தொரு வருஷம் சம்பளத்தில் வரி பிடித்திருக்கிறார்கள். கஸ்தூரிதான் பேசினாள்.

"பாய், நானும்தான் வரி கட்றேன். சோப்பு வாங்கினா கட்றேன், புள்ளைக்கு பிஸ்கோத்து வாங்கினா கட்றேன். தனசேகரு மூஞ்சப் பாத்தா நான் லோன் எடுத்தேன்? போர்டுல சிங்கம் இருந்துச்சு, அதப் பாத்து கட்டினேன். அந்த சிங்கத்த அங்க மாட்டினது யாரு?"

பாய் மூன்று பேருக்கும் டீ சொன்னார். பிறகு பேனாவை எடுத்து மனுவின் அடியில் ஒரு வரி சேர்த்து எழுதினார். பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரிடமும் அரசாங்கம் அந்தப் பணத்தைப் பிறகு வசூலிக்க வேண்டும் என்று. "இத்தோட குடுக்கறதா இருந்தா என் கையெழுத்து உண்டும்மா" என்று சொல்லிப் போட்டார். அந்த எல்லோரிலும் நான் இருந்தேன்.

4. விசாரணை

மனு நாளில் கொடுத்த மனுவுக்கு, திருவள்ளூரில் விசாரணை வைத்தார்கள். அதிகாரி நல்ல மாதிரிதான். எங்களை உட்காரச் சொன்னார். மேஜைமேல் பதினெட்டு லாக் புக்கும் இருந்தது. அங்கீகாரக் கணக்குக்காகத் தனசேகர் முன்பே அனுப்பி வைத்திருக்கிறான்.

"முழுசா டிரெய்னிங் நடந்திருக்குன்னு இதுல இருக்கே. உங்க கையெழுத்தும் இருக்கு, மாணவர்கள் கையெழுத்தும் இருக்கு" என்றார்.

நான் எழுந்தேன். "சார், அது பூரா பொய். நான் ஒரே நாள்ல உக்காந்து போட்டது."

அவர் ஒரு புத்தகத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். "ஒரே நாள்லயா? இங்க ப்ளூ, இங்க பிளாக். ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட இல்ல. பொங்கலுக்கு கரெக்டா லீவு. இந்தப் பக்கம் பாருங்க, கிரீஸ் கறை. இதைவிட ஒழுங்கா யார் சார் ரெக்கார்டு வெச்சிருப்பாங்க? பசங்களுக்குப் பணம் வரணும்னு நீங்க இப்ப மாத்திச் சொல்றீங்க. உங்க நல்ல மனசு புரியுது. ஆனா இது ஜனங்களோட வரிப்பணம். நான் பதில் சொல்லணும்."

என் வாழ்க்கையில் அவ்வளவு கச்சிதமாகச் செய்த வேலை வேறு இல்லை போலிருக்கிறது. உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். வெறி வந்த மாதிரி இருந்தது எனக்கு. "அப்ப ராடு குடுத்து வெல்டு போடச் சொல்லுங்க சார். பழகினவனா பழகாதவனான்னு பிளேட்டு சொல்லிடும்" என்றேன். அவர் யோசித்தார். நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். சீட்டுக் குலுக்கி மூன்று பேரை எடுத்தார். மூன்றாவது சீட்டு கஸ்தூரி.

5. டெஸ்ட்

அடுத்த வாரம் ஒரு அரசு ஒர்க்‌ஷாப்பில் டெஸ்ட். பிளேட்டை நிமிர்த்தி வைத்துக் கீழேயிருந்து மேலே போட வேண்டும். பிறகு அதில் ஒரு பட்டையை வெட்டி, பிரஸ்ஸில் வைத்து மடக்குவார்கள். பழகாத கை போட்ட வெல்டு மடக்கும்போதே வாயைப் பிளந்துவிடும்.

உள்ளே போவதற்கு முன் கஸ்தூரியைத் தனியாக டீக்கடைக்குக் கூப்பிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன்.

"கரண்ட்ட ஏத்தி வெச்சிக்கோ. ஸ்லாக்கு கசடத் தட்டாமலே அது மேல அடுத்த ரன்ன ஓட்டு. உன் பிளேட்டு ஒடையணும். ஒடைஞ்சாத்தான் பதினெட்டு பேருக்கும் பணம் வரும்."

"சரி மாஸ்டர்" என்றாள். லோன் தவணை ஐந்து பாக்கி இருந்தது அவளுக்கு. பொய்யாகச் சரி சொல்லவில்லை.

முதல் இரண்டு பேரும் ராடைத் தட்டித் தட்டியே பிளேட்டில் ஒட்டவைத்தார்கள். இரண்டும் மடக்கியதும் உடைந்தன. பிறகு கஸ்தூரி ஹெல்மெட்டை இறக்கினாள். நான் தடுப்புக்குப் பின்னால் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் ஒரு இஞ்சு, சொன்ன மாதிரியே கோணலாகப் போட்டாள். சத்தமே காட்டிக்கொடுத்தது. பிறகு நிறுத்தினாள். ஹெல்மெட்டைத் தூக்கி அதைப் பார்த்தாள். கிரைண்டரை எடுத்து, கெட்டுப்போன அந்த ஒரு இஞ்சைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டு, கரண்டைக் குறைத்து மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை சத்தம் சீராக வந்தது. போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் பட்டை முழுசாக மடங்கியது. மயிரிழை விரிசல்கூட இல்லை. பிரஸ்ஸில் நின்றவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. பட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "சூப்பரா போட்டுக்கிறியேம்மா, யாரு கத்துக் குடுத்தது?" என்று கேட்டார். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். அதிகாரியும் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒரு நாளு மக்கு மாதிரி போடறதுக்கு உனக்கு இன்னா கேடு?" என்று ஒருத்தன் கேட்டான். அவள் அழுதாள். "கை வரல மாஸ்டர். கெட்ட வெல்ட பாத்துக்கினு மேல போக முடில" என்று என்னிடம் சொன்னாள். திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கோணலைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று அவளுக்குச் சொல்லித் தந்தவனே நான்தான்.

இரண்டு மாசத்தில் பதில் வந்தது. பயிற்சி அளிக்கப்பட்டது உறுதியாகிறது, இருவர் தேறாதது அவரவர் குறை, இழப்பீடு வழங்க முகாந்திரம் இல்லை. சர்டிபிகேட் கேட்டதற்கு, கொடுக்க வேண்டிய நிறுவனம் இப்போது இயங்கவில்லை என்று அதே காகிதத்தில் இருந்தது. என் மேல் ஒரு கேஸ்கூடப் போடவில்லை.

6. ஒன்பது

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடாதே. யாருடைய நன்மைக்காக என்று சொன்னாலும் போடாதே. பாய் வரிப்பணத்தைக் கொடுக்க வேண்டுமா என்றால், கொடுக்கத்தான் வேண்டும் என்பேன். அந்தச் சிங்கத்தை நம்பித்தான் அவர்கள் கட்டினார்கள். கொடுத்துவிட்டு, விரல் விட்டு எட்டு எண்ணியவர் சம்பளத்திலும், நாலு பேனா பிடித்த என் பென்ஷனிலும் பிடித்துக்கொள்ளட்டும். அந்த எட்டில் ஆறு வாடகை மெஷின் என்று, பாய் எழுதிய வரியையும் சேர்த்து, மறுபடி ஒரு மனு போட்டிருக்கிறேன். பதில் இல்லை.

போன மாசம் காக்களூர் போனேன். கஸ்தூரி அங்கே ஒரு சின்ன ஷெட்டில் இருக்கிறாள். சர்டிபிகேட் இல்லாததால் ரிஜிஸ்டரில் ஹெல்பர். ஹெல்பர் சம்பளம். ஆனால் கஷ்டமான ஜாயின்ட் வந்தால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் போனபோது ஒரு டேங்க் வேலையை முடித்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். ஷெட் வெல்டர் வந்து, தன் நம்பர் பஞ்ச்சை அந்த ஜாயின்ட் பக்கத்தில் வைத்து இரண்டு அடி அடித்துவிட்டுப் போனான்.

"ஹெல்பர் நம்பர் அடிக்கக் கூடாது மாஸ்டர்" என்றாள், நான் கேட்காமலே.

சூடு ஆறியதும் விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு குறை இல்லை.

"எப்பிடி கீது மாஸ்டர்?" என்று கேட்டாள்.

"நல்லா கீதும்மா" என்றேன். பக்கத்தில் ஒன்பது என்று அடித்திருந்தது.