பூஜையன்று கழற்றாத ஷூ

மோல்டிங் மெஷின் ஓடும்போது சிமெண்டுத் தரை மெல்ல நடுங்கும். சத்தம் காதுக்குப் பழகிவிடும். அந்த நடுக்கம் மட்டும் குதிகாலுக்குப் பழகாது... உருகிய பிளாஸ்டிக் வாசனையும் காலுக்குக் கீழே அந்த நடுக்கமும்தான் மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என் முதல் பத்து வருடங்கள்.

மருந்து பாட்டில் மூடி செய்யும் கம்பெனி. நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. வேலை என்னவென்றால், மூடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்லது தனி, கெட்டது தனி என்று பிரிப்பது. இதற்குக் கெமிஸ்ட்ரி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

எட்டு மணி நேரமும் நின்றபடி. ஷிஃப்டில் ஒரே ஒருவருக்குத்தான் நாற்காலி. கண்ணாடி அறைக்குள் இருக்கும் சூப்பர்வைசருக்கு.

கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவுக்கு முன்பக்கம் இரும்பு, அடிப்பக்கம் பலகை மாதிரி தட்டை. விரல் மேல் எது விழுந்தாலும் காப்பாற்றும். பாதத்துக்கு என்ன ஆகிறது என்பது அதன் கவலை இல்லை.

ஒருநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தேன். அலறிவிட்டேன். பத்து நிமிடம் நொண்டிய பிறகு கொஞ்சம் குறைந்தது. மறுநாளும் அப்படியே. டாக்டர் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "குதிகால் வாதம்" என்றார்.

"உக்காந்து பாக்குற வேலையா மாத்திக்க முடியுமா பாருங்க. இல்லன்னா நல்ல ஷூவா வாங்கி, உள்ள ஆர்ச் சப்போர்ட் வெச்சுக்குங்க. முக்கியமா, வெறுங்கால்ல ஒரு அடி கூட நடக்காதீங்க. வீட்டுக்குள்ளயும்."

வீட்டுக்குள்ளயும்! டாக்டருக்கு என் மனைவியைத் தெரியாது.

நேரு வீதியில் நாலு கடை ஏறி இறங்கி, குதிகாலை அசையாமல் பிடிக்கும் வேலை ஷூ ஒன்றும், உள்ளங்கால் வளைவுக்கு முட்டுக் கொடுக்கும் இன்சோல் ஒரு ஜோடியும் வாங்கினேன். முதல் வாரம் எலுமிச்சம்பழத்தை மிதித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. மூன்றாவது வாரம் மதியம் வரை வலி தெரியவில்லை. உங்களில் நின்று வேலை பார்ப்பவர்கள் இருந்தால் சொல்கிறேன், அந்த முதல் வாரத்தில் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

வீட்டுக்கென்று தனியாக ஒரு ரப்பர் செருப்பு வாங்கினேன். அன்றே ஆரம்பித்தது.

"ஏங்க, சாமி படத்துக்கு எதிர்ல செருப்போட நடக்கறீங்களே, நல்லாவா இருக்குது?"

"எதிர்வீட்டு சொல்தா வீட்டுல எல்லாரும் போட்டுக்கினுதானே இருக்காங்க?" பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரை எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வோம்.

"அவரு பிரான்சு பென்ஷன் வாங்கறாரு. நீங்க என்னா வாங்கறீங்க?"

கடைசியில் சமையலறை வாசல்தான் எல்லை என்று முடிவானது. காபி அங்கே கைமாறும்.

அந்த வருடம் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். அடுத்தது நானா, முருகையனா என்று பேச்சு. முருகையன் பக்கத்து மெஷின்காரன், பத்தாவது வரை படித்தவன், ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கிச் செருப்பு மாதிரி போட்டுக்கொண்டு திரிவான். எனக்குப் பதவி ஆசையெல்லாம் பெரிதாக இல்லை. அந்த நாற்காலி வேண்டும். அவ்வளவுதான்.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. மேனேஜர் வேட்டியில் வந்தார். எல்லோரும் ஷூவைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு வெறுங்காலில் நின்றார்கள்.

நான் கழற்றவில்லை. பின்வரிசையில் ஷூவோடு நின்றேன்.

முருகையன் முழங்கையால் இடித்தான். "டேய் எம்மெஸ்ஸி, பூசணிக்கா கால்ல வுழுந்துடும்னு பயமாடா? கழட்டுடா."

"டாக்டர் கூடாதுன்னாருடா. வலி." அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

கற்பூரத் தட்டோடு திரும்பிய மேனேஜரின் கண் கீழே இறங்கியது. என் காலில் நின்றது. அடுத்த மெஷினுக்குத் தட்டைக் காட்டப் போய்விட்டார்.

நாலாம் நாள் நோட்டீஸ் போர்டில் முருகையன் பெயர். அவனே வந்தான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "சாமிக்கே ஷூ கழட்டாதவன் நாளைக்கு என் பேச்சக் கேப்பானான்னு மேனேஜர் கேட்டாருடா."

"நீ என்னா சொன்ன?"

"நான் என்னாத்தச் சொல்றது..."

சொல்லியிருக்கலாம். அவனுக்குக் காரணம் தெரியும். பதினாறு வருடம் ஆகிறது. வேலை விஷயம் தவிர அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசப் போவதும் இல்லை.

போன ஆயுத பூஜைக்கு ஒரு சர்க்குலர் ஒட்டினார்கள். பூஜையின்போதும் மெஷின் இருக்கும் இடத்தில் சேஃப்டி ஷூவைக் கழற்றக் கூடாது. வெளிநாட்டு கஸ்டமர் வைத்த நிபந்தனையாம். கையெழுத்து அதே மேனேஜர். வேட்டிக்குக் கீழே ஷூவோடு அவரே கற்பூரம் காட்டினார். சுற்றி அத்தனை பேரும் ஷூவோடு. சிரிப்பு வரும் என்றுதான் நினைத்தேன்... வரவில்லை.

பொரி வாங்கும்போது கேட்டுவிட்டேன். "சார், பதினாறு வருஷம் முன்னாடி பூஜையில நான் மட்டும் ஷூவோட நின்னேன். ஞாபகம் இருக்குதா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இல்லியேப்பா... ஏன், கால்ல என்னா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். நானாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்கட்டும் என்று இருந்தேன். படித்தவன் இல்லையா.

"இப்ப பரவால்ல சார்" என்றேன்.

பரவாயில்லைதான். இப்போது கம்பெனி கொடுக்கும் ஷூவிலேயே வளைவுக்கு முட்டு இருக்கிறது. மெஷினுக்கு முன்னால் ரப்பர் மேட் போட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் மதியத்தோடு கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். இப்போது ஐம்பத்து நான்கு வயதில் எட்டு மணி நேரமும் தாங்குகிறது.

தாங்குகிறது என்பதால், இவனை உட்கார வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.