தரகர் தீர்த்தகிரியின் கைக்கடிகாரம்

“செத்தாலும் இந்த வாட்ச் என் கையை வுட்டு எறங்காது” என்று பென்னாகரம் மாட்டுத் தரகர் தீர்த்தகிரி 1984இல் ஊருக்கே பிரகடனம் செய்தார். பெங்களூரில் ஒருவர் தாமே ஒவ்வொன்றாகச் செய்து விற்ற கடிகாரம் அது. மாட்டுக்குப் பல் பார்க்கும் மேதை, கடிகாரத்துக்கு எடை பார்த்தார். இருந்ததிலேயே கனத்த தங்கக் கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்தார். எல்லோரும் பார்க்கட்டுமென்று வலக்கையில் தளர்வாகக் கட்டிக்கொண்டார்.

அடுத்த சந்தையில் ஒரு ஜோடிக் காளைக்கு விலை பேச, அவரும் வியாபாரி ஜமீரும் துண்டுக்கடியில் கை கோத்தார்கள். அங்கே விரலைப் பிடித்துத்தான் விலை சொல்ல வேண்டும். ஜமீர் முகம் சுளித்தார்.

“அண்ணா, வெரலே அம்புடல. மாட்டு மணியாட்டம் என்னமோ வந்து இடிக்குதுங்க. பேரம் வேணுமா, அது வேணுமா?”

பக்கத்தில் வேறொரு தரகர் துண்டை உதறிக்கொண்டு நின்றார். தீர்த்தகிரி வானத்தைப் பார்த்தபடியே கடிகாரத்தைக் கழற்றி மடியில் செருகினார்.