அருள்புரத்தில் நாலு குரல்

மதுரை ஆரப்பாளையத்தில் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருப்பூர் பேருந்தில் ஏறினேன். 2008 டிசம்பர் மாதம். இசை கேட்கிறவர்கள் சென்னைக்குக் கிளம்புகிற மாதம் அது. என் அலுவலகத்திலும் இரண்டு பேர் அதற்காக விடுப்பு எடுத்திருந்தார்கள். நான் பாட்டுக் கேட்கத் திருப்பூருக்குப் போகிறேன் என்றதும், பனியன் எடுக்கவா அக்கா என்று ஒருத்தி கேட்டாள். எனக்குப் பாட வராது, கேட்க வரும். நாற்பது வயதுக்குள் நல்ல பாட்டுக்காக நான் போகாத ஊர் குறைவு.

அருள்புரத்தில் என் சித்தி மகள் மெர்சி இருக்கிறாள். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கணவன் டேனியலோடு பிழைக்க வந்தவள். இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. அவள் தையலில், அவன் அயனிங்கில், அதாவது தைத்து வரும் துணிக்கு இஸ்திரி போடுமிடத்தில். தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள் கூடும் சின்னச் சபையொன்றில் பாடகர் குழுவை நடத்துவதும் டேனியல்தான். இந்தக் கிறிஸ்மஸுக்கு முதல் தடவையாக நாலு குரலில் பாடுகிறோம், கட்டாயம் வர வேண்டும் என்று மெர்சி போனில் சொல்லியிருந்தாள்.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் காற்றாலைகள் தொடங்கின. தாராபுரத்தில் பத்து நிமிடம் நின்றார்கள். டீ நன்றாக இருந்தது. பதினொன்றரைக்குத் திருப்பூர். அங்கிருந்து பல்லடம் போகும் டவுன் பஸ்ஸில் எட்டு கிலோமீட்டர். நடத்துநர் எங்களைப் பார்த்து "முன்னால போங்க" என்றும், வடக்கத்தி இளைஞர்களைப் பார்த்து "ஆகே, ஆகே" என்றும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தார். சாலையோரமெங்கும் ஆளுயர மூட்டைகளில் வெட்டுத்துணி.

மாலை ஆறு மணிக்கு ஒத்திகை. தகரக் கூரை போட்ட கூடத்தில் பத்தொன்பது பேர் நின்றார்கள். தினமும் போகிற கரண்ட் அன்றும் போயிருந்ததால் கீபோர்டு ஊமையாகக் கிடந்தது. பெண்களில் மேல்குரலும் கீழ்க்குரலும், ஆண்களில் மேல்குரலும் கீழ்க்குரலும் தனித்தனியாகப் பாடிப் பார்த்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. நான்கும் சேர்ந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆண்களின் கீழ்க்குரலுக்கு, அவர்கள் பேஸ் என்கிறார்கள், டேனியலையும் சேர்த்து நாலே பேர். நாலு பேருமே அயனிங் ஆட்கள். மற்ற மூன்று குரல்களும் அந்த நாலு பேர் மேல்தான் நின்றன.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் எழுந்து வந்தபோது மெர்சி ஆராதனைக்குச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, அழுதுகொண்டிருந்தாள். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு பாக்கி நிற்கிறதென்று இரவே ஆள் வந்து நாலு பேரையும் கம்பெனிக்குக் கூப்பிட்டுப் போய்விட்டார்களாம். இன்னும் விடவில்லை. தையலில் மெர்சிக்கு அன்று வேலை முறை இல்லை. பாட்டு ஆராதனை ஒன்பதரைக்கு. அடுத்த வாரத்துக்குத் தள்ளவும் வழியில்லை. திங்கட்கிழமை ரயிலில் பாதிக் குழு கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போகிறது.

இருவரும் கம்பெனிக்கு நடந்தோம். அதை நடத்துவது ஈஸ்வரி என்ற அம்மாள். பக்கத்து ஊரான மங்கலத்தில் தறி ஓட்டிய குடும்பம். இப்போது கணவர் ஆர்டர் பிடிக்க, உள்வேலை எல்லாம் இவர் பொறுப்பு. மேலே மாலை போட்ட முருகன் படம், கீழே செக்கிங் மேசை, அதில் துணியைப் புரட்டிப் புரட்டி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். மெர்சி சொன்னதைக் கையை நிறுத்தாமல் கேட்டார்.

"ஏனுங்க, நாங்க வேணும்னேவா புடிச்சு வெச்சிருக்கறோம்? மூணு மணிக்கு லாரி வந்துருமுங்க. இந்தத் தடவ மால் தவறுச்சுன்னா அந்தப் பார்ட்டி மறுக்கா நம்மகிட்ட வர மாட்டானுங்க."

மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஈஸ்வரி அம்மாள் கடைசியில் துணியைக் கீழே வைத்தார்.

"அழுவாத கண்ணு. பன்னண்டரைக்குச் சோத்துக்கு உடறேன், ஒரு மணி நேரம். உங்காளுக அத்தன பேரையும் இங்க கூட்டிட்டு வந்து பாடிக்க. ஆராச்சும் வேண்டாம்பாங்களா?"

வேண்டாம் என்றவர் இருந்தார். சபையில் போய்ச் சொன்னபோது, குழுவில் மூத்தவரும் எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடுகிறவருமான ஜெபமணி ஒத்துக்கொள்ளவில்லை. ஆராதனைப் பாட்டைக் கம்பெனியில், அதுவும் முருகன் படத்துக்கு முன்னால் பாடுவதா என்றார். சிலர் தலையாட்டினார்கள். ஆராதனை தொடங்கும் நேரம் ஆகிவிட்டது.

"அந்தப் படத்துக்கு முன்னாலதான் தெனமும் வேலை பாக்கோம், சித்தப்பா. வேலை பாக்கலாம், பாடக் கூடாதா?" என்றாள் மெர்சி.

ஜெபமணி யாரையும் பார்க்காமல் பைபிளை மூடினார். காலை ஆராதனை பாட்டுக் குழு இல்லாமல் நடந்தது. அது முடிந்து நாங்கள் கிளம்பியபோது, வருகிறவர்கள் வரலாம் என்று பாஸ்டர் மட்டும் சொன்னார். பதினைந்து பேரும் வந்தார்கள். ஜெபமணி கடைசியாக, பத்தடி தள்ளி நடந்து வந்தார்.

பன்னிரண்டரைக்கு மிஷின்கள் நின்றன. ஈஸ்வரி அம்மாள் ஜெனரேட்டரையும் நிறுத்தச் சொன்னார். மின்விசிறி ஓடாததால் காற்றில் பஞ்சுத்தூசி அப்படியே நின்றது. எனக்கு இருமல் வந்தது. தொழிலாளிகள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். தெற்கத்திக்காரர்கள், உள்ளூர்க்காரர்கள், ஒரிசா இளைஞர்கள் எல்லாம் சேர்ந்து நூறு பேருக்குக் குறையாது. அயனிங்கிலிருந்து நாலு பேரும் வேர்வையில் நனைந்த சட்டையோடு வந்து வரிசையில் நின்றார்கள். டேனியலின் கண் சிவந்திருந்தது. மெர்சி தன் முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

பக்கத்துக் கம்பெனியின் ஜெனரேட்டர் மட்டும் நிற்கவில்லை. ஒரே சீராக அது உறுமிக்கொண்டிருந்தது. டேனியல் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுவிட்டு, நேற்றையதைவிட அரைச் சுருதி இறக்கிப் பாடச் சொன்னான். "அது நமக்குச் சுருதி போடுதுன்னு வச்சுக்குவோம்" என்று கையைத் தூக்கினான்.

நான் பல அரங்குகளில் சேர்ந்திசை கேட்டிருக்கிறேன். குரல் சுத்தத்தில் இவர்களைவிட மேலானவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அன்று கேட்டதுபோல் ஒரு கீழ்க்குரலை நான் கேட்டதில்லை. அந்த ஜெனரேட்டர் உறுமலிலிருந்தே அது கிளம்பி வருவதுபோல் இருந்தது. பெண்களின் குரல் மேலே போகப் போகத் தகரக் கூரை லேசாக அதிர்ந்தது. ஜெபமணி கண்ணை மூடிக்கொண்டு மேல்குரல் பாடினார். சோற்றில் வைத்த கையை எடுக்காமலே இருந்தார்கள் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள். இரண்டாம் சரணத்தில் பேஸ் ஓரிடத்தில் சற்று இறங்கி, உடனே பிடித்துக்கொண்டது.

முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. அது ஆராதனையா கச்சேரியா என்று தெரியாமல் இருந்திருக்கலாம். ஈஸ்வரி அம்மாள்தான் முதலில் பேசினார். "மறுக்காப் பாடுங்க சாமி" என்று அவர் கேட்டது ஜெபமணியைப் பார்த்து. அவர் சிரித்துவிட்டார். மறுபடியும் முழுதாகப் பாடினார்கள். பிறகு மணி அடித்தது, ஜெனரேட்டர் கிளம்பியது, நாலு பேரும் சாப்பிடாமலே அயனிங்குக்குத் திரும்பினார்கள். ஈஸ்வரி அம்மாள் அவர்களுக்குப் பின்னாலேயே நாலு பொட்டலம் கொடுத்தனுப்பினார்.

நான்கு மணிக்குத் திருப்பூரில் மதுரைப் பேருந்து கிடைத்தது. எங்கள் மதுரை அரங்கில் நல்ல நாற்காலிகள் இருக்கின்றன. இருந்தும் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதிப் பேர் காப்பிக்கு எழுந்துபோகிறார்கள், நானும் போயிருக்கிறேன். இசை கேட்க எங்கே போகலாம் என்று இப்போது யாராவது கேட்டால் அருள்புரத்தையும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை சபைக்குப் போனால் கேட்கலாம், பல்லடம் பஸ்ஸில் ஏறினால் போதும்.

தாராபுரத்துக்கு முன்னால் டேனியல் போன் செய்தான். லாரி கிளம்பிவிட்டதாம், இனித்தான் தூங்கப் போகிறானாம். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டான். அற்புதம் என்று சொல்லி வைத்திருக்கலாம். கேட்கத் தெரிந்தவள் என்ற நினைப்பில், எல்லாம் நன்றாக இருந்தது, இரண்டாம் சரணத்தில் மட்டும் பேஸ் கொஞ்சம் இறங்கியது என்றேன்.



"அது நான்தான், மைனி" என்றான். "அந்த எடத்துல எனக்கு அழுகை வந்துட்டு."