ஒன்பதாம் வரிசையில் எட்டு மணி

ஜவ்வாது மலையில் மழை பிடித்துக்கொண்டால் பள்ளிக்கூடப் பாதை சேறாகிவிடும். அந்த நாட்களில் என் ஆறு வயது மகளுக்கு வீட்டிலேயே பாடம். போளூர் போகும்போது இணையத்திலிருந்து பயிற்சித்தாள்களை எடுத்து, பிரிண்ட் போட்டு வந்துவிடுவேன்.

அன்றைய தாளில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். ‘எண்ணுக்கு நேராக அத்தனை மணிகளை வைக்கவும்’ என்றிருந்தது. என் மனதில் இருந்தது பாசிமணி. “மணி எடுத்து வெச்சினு இரு, வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் களி கிண்டப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தேன். தாள் முழுக்கக் குண்டுமணி. வேலிக் கொடியிலிருந்து பறித்து வந்திருக்கிறாள். அத்தனை கறுப்புக் கண்களும் என்னையே பார்த்தன. கடித்து விழுங்கினால் உயிரை எடுக்கும் விஷம் அது. எண்ணினேன். ஒன்பதாம் வரிசையில் எட்டுதான். மகள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னொண்ணு எங்கடி?”

உள்ளங்கையில் துப்பினாள். “அது மட்டும் கண்ண மூடிக்கினு இருந்துச்சிம்மா. வாய்ச் சூட்டுல வெச்சி எழுப்பினேன்.”

மணி கீறல்கூட இல்லாமல் முழுசாக இருந்தது. ஈரத்தில் அதன் கண் பளபளத்தது. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “கடிக்காததால தப்பிச்சிதும்மா” என்றார் நர்ஸ்.

கொடியை வேரோடு பிடுங்கிவிட்டேன். இப்போது எந்தத் தாளைக் கொடுக்கும் முன்பும், “இதுக்கு இன்னா எடுத்துனு வருவே?” என்று அவளைக் கேட்கிறேன். போன வாரம் ‘பொம்மைக்குக் கண் ஒட்டவும்’ என்றொரு தாள். அவள் கொடி போன வெறும் வேலியைக் காட்டினாள். தாளைக் கிழித்துவிட்டேன்.